நீ கேட்காத ஸ்வெட்டர்

கோந்த்வா, புனே
12.9.2003, வெள்ளிக்கிழமை

என் அன்பு மகள் வைஷாலிக்கு அப்பா எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீ அங்கே சுகம்தானா என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவேன், நீயும் சுகம் என்று பதில் போடுவாய், அதோடு அந்த விஷயம் முடிந்துவிடும். இந்தத் தடவை அப்படி இல்லை கண்ணு, இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். முழுக்கப் படித்துவிட்டுப் பதில் சொன்னால் போதும். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன், அதனால்தான் இத்தனை பக்கம், பார்த்துப் பயந்துவிடாதே.

முதலில் வீட்டுச் சேதி. இந்த வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது, நம் சொசைட்டிக்கு டேங்கர் தண்ணீர்தான் கதி. உன் அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை, கணபதி பண்டிகைக்கு மாடி வீட்டு மராத்திக்கார அம்மா கொடுத்த பூரண் போளியை எனக்குத் தெரியாமல் நாலு தின்றிருக்கிறாள். கேட்டால், 'சாமி பிரசாதத்துல சக்கர ஏறாது' என்கிறாள். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான். பக்கத்து வீட்டுக் காசிம் பாய் உன்னை விசாரித்தார். இதையெல்லாம் எழுதிக்கொண்டே போனால் நான்கு பக்கம் ஓடிவிடும், நானும் தப்பித்துவிடுவேன். நாலு ஞாயிறாகப் போனிலும் இதைத்தான் செய்தேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தால் அங்கே குளிரா, இங்கே வெயில் என்று வானிலை அறிக்கைதான் வருகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வருஷம் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாயே, நினைவிருக்கிறதா. நினைவில்லாமல் எப்படி இருக்கும், நானும் ஒரு மடையன். நீ டப்ளின் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. 'அப்பா, காலைல எழுந்திரிக்கவே பிடிக்கலை, எனக்கு இருக்கவே பிடிக்கலைப்பா' என்றாய். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏன் என்று எனக்கே தெரியவில்லை என்றாய். நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே ஒரு கவுன்சலர் இருக்கிறார், போய்ப் பேசட்டுமா என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? அதெல்லாம் ஃபைலில் ஏறிவிடும், நாளைக்கு வேலைக்கே உலை வைக்கும், எல்லாம் குளிரால் வருகிற சோர்வு, கம்பளி போட்டுக்கொள், மிளகு ரசம் வைத்துக் குடி என்றேன். நான் வேலை பார்த்த இடம் அப்படி அம்மா. வெடிமருந்து பேக்டரி ஷெட்டில் ஒருவன் மனசு சரியில்லை என்று வாய்தவறிச் சொல்லி அது மெடிக்கல் சீட்டில் ஏறிவிட்டால், மறுநாள் அவனை வாசல் கூட்ட அனுப்பிவிடுவார்கள், திரும்ப ஷெட் பக்கம் விடமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஃபைல் அது ஒன்றுதான். நீ 'சரிப்பா' என்றாய். அந்தச் 'சரிப்பா' பற்றித்தான் இந்தக் கடிதம், ஆனால் அதற்கு நான் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும், பொறுத்துக்கொள்.

எனக்குப் பேக்டரியில் பால்காரர் என்று பட்டப்பேர் இருந்தது உனக்குத் தெரியும், ஏன் வந்தது என்று நீ கேட்டதில்லை. எங்கள் ஷெட்டில் தமிழ் ஆட்கள் முப்பது பேர், பாதிப் பேருக்கு மராத்தியும் வராது, இந்தியும் வராது. மேலே இருக்கிற சாகேப்புகளுக்குத் தமிழ் வராது. நடுவில் நான். ஒரு தடவை சவரிமுத்து, கையுறை கிழிந்து ஆறு வாரமாகியும் புதுசு கொடுக்கவில்லை என்று சாகேப் ரூமுக்குள் புகுந்து, 'இந்தாளுக்குக் கண்ணு என்னா பொடனியிலயா கீது, அந்த ஆசிட்ல இவன் கைய ஒரு தபா உட்டுப் பாக்கச் சொல்லு, அப்பத் தெரியும்' என்று கத்தினான். சாகேப் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறான் என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு, சாப், இவர் தங்கள் உடல்நலத்தை விசாரிக்கிறார், புதுக் கையுறை கிடைத்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும் என்று தாழ்மையுடன் சொல்கிறார் என்றேன். சாகேப்புக்கு உச்சி குளிர்ந்துபோய் அங்கேயே கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் சவரிமுத்து, 'பாத்தியா, நாலு ஏறு ஏறுனதும் எப்டி வழிக்கு வந்தான்' என்று மீசையை முறுக்கினான். இப்படி எல்லார் பேச்சிலும் தண்ணீர் ஊற்றியதால்தான் பால்காரர். முப்பத்துநான்கு வருஷம் இந்த வேலை. எத்தனை பேர் வேலை அதனால் பிழைத்தது என்று எனக்குப் பெருமை வேறு.

இந்தப் பெருமையைக் கேள்விப்பட்டுத்தான் ஏப்ரல் கடைசியில் காசிம் பாய் வந்தார். அவர் மகள் பானு கேம்ப் ஏரியாவில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே ஒரு தமிழ்ப் பெண் வருகிறாளாம், பேர் பவுன், விழுப்புரம் பக்கம், புருஷன் ஏழுமலை நம் கோந்த்வாவில் எழும்புகிற ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை, அவள் சித்தாள். குழந்தை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. பெரியவள் ஒருத்தி இருக்கிறாள், மூன்று வயசு, அவளைக்கூடத் தூக்குவதில்லை. ஆஸ்பத்திரியில் ஆப்தே மேடம் என்று ஒரு கவுன்சலர் இருக்கிறார், ஆனால் இவளுக்குத் தமிழ் தவிர ஒன்றும் வராது, அவருக்குத் தமிழ் வராது, பானுவுக்கோ வார்டை விட்டு நகர முடியாது. செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் வந்து நடுவில் உட்காருங்கள் என்றார் காசிம் பாய். பேசுவதற்கு ஒரு டாக்டரா, ஒரு டானிக் எழுதிக் கொடுத்தால் போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ரிடையரானவன், நம்மைத் தேடி ஒரு வேலை வருகிறதே என்று ஷர்ட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஆப்தே மேடத்துக்கு ஐம்பது வயசு இருக்கும், பருத்திப் புடவை, சத்தமில்லாத பேச்சு. முதல் நாளே என்னிடம், அருணாச்சலம்ஜி, அவள் சொல்வதை அப்படியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், அழகுபடுத்தவும் வேண்டாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது, யாருக்கு யார் வேலை கற்றுக்கொடுப்பது? அன்றைக்குப் பவுன் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. மேடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை, 'அம்மாடி, பெரியவங்க கேக்கறாங்கல்ல, நல்ல புள்ளையாட்டம் ரெண்டு வார்த்த சொல்லேன்' என்று நானே ஆரம்பித்துவிட்டேன். மேடம் உடனே, அவளிடம் என்ன சொன்னீர்கள் என்றார். பிடிபட்ட திருடன் மாதிரி முழித்தேன். அவள் பேசாமல் இருப்பதும் இருக்கட்டும், அதையும் நாம் கேட்போம் என்றார். பேசாமல் இருப்பதை என்னத்தைக் கேட்பது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் இரண்டாவது செவ்வாய் அவள் பேசினாள் வைஷு. குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம், இவள் பச்சை உடம்புக்காரி, பார்க்கக் கூடாது என்று முகத்தைக்கூடக் காட்டவில்லையாம். 'மூணு நாளு புள்ளைக்கு எதுக்கு இந்த அழுவ அழுவறன்னு கேக்கறாங்கய்யா, பத்து மாசம் எங்கிட்டதான இருந்துச்சு, அது அவுங்களுக்குக் கணக்கு இல்லியா' என்றாள். அதை நான் ஒழுங்காகச் சொன்னேன். குழந்தைக்கு நீ ஏதாவது பேர் நினைத்திருந்தாயா என்று மேடம் கேட்டார். இறந்த பிள்ளைக்குப் பேரைக் கேட்கிறாரே, இது என்ன கேள்வி என்று எனக்குக் கோபம். பவுன் தலையைக் குனிந்துகொண்டு, நினைத்திருந்தேன், இன்னொரு நாள் சொல்கிறேன் என்றாள். போகும்போது அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாசலில் நின்று எனக்கும் மேடத்துக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

நான்காவது செவ்வாயில்தான் என் புத்தி என்னைக் கெடுத்தது. அன்றைக்கு அவள் தரையைப் பார்த்துக்கொண்டே நிறைய நேரம் பேசினாள். மேல் மாடிக்குச் சிமென்ட் சட்டி தூக்கிக்கொண்டு போய் நிற்கும்போதெல்லாம் இப்படியே போய்ச் சேர்ந்துவிட்டால் நிம்மதி என்று தோன்றுகிறது, தினமும் தோன்றுகிறது, பெரியவளைத் தனியாக விடவேண்டாம், கூட்டிக்கொண்டே போய்விடலாம் என்றுகூடத் தோன்றுகிறது என்றாள். இதை அப்படியே சொன்னால் என்ன ஆகும், போலீஸ் வரும், பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள், பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள், ஏழுமலைக்கு வேலை போகும், ஊர் விட்டு ஊர் வந்த ஜனம், நம்ம தமிழ்ப் பெண்ணை நாமே காட்டிக்கொடுக்கலாமா என்று ஒரு நொடியில் எத்தனையோ ஓடியது. மேடம் என் முகத்தைப் பார்த்தார். நான் மராத்தியில், மாடியில் வேலை செய்வது ரொம்பச் சோர்வாக இருக்கிறதாம், உயரத்தில் தலை சுற்றுகிறதாம் என்றேன். இவ்வளவு நேரம் பேசினாளே, இவ்வளவுதானா என்றார். தமிழில் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வோம் மேடம் என்று சிரித்து மழுப்பினேன். அப்படியானால் கொஞ்ச நாளைக்கு உயரத்தில் ஏற வேண்டாம், கீழே வேலை கேட்கச் சொல்லுங்கள் என்றார். அதைப் பவுனிடம் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் சரி என்று தலையாட்டினாள். நானும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று போகிற வழியில் வடாபாவ் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. பதினொன்று ஆச்சு, பதினொன்றரை ஆச்சு. வேலை இருந்திருக்கும் என்றார் மேடம். ஒன்றும் சொல்லாமல் கிளம்பி ரிக்‌ஷா பிடித்துக் கோந்த்வாவில் அந்தக் கட்டட வாசலில் போய் இறங்கினால், கட்டடத்துக்கு அடியில் கும்பல். பெண்கள் கத்துகிறார்கள், ஆட்கள் ஓடுகிறார்கள். அவ்வளவுதான். ரோட்டோரம் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கிட்டே போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை அம்மா. நான்தானே தின்றேன் அவள் பேச்சை, நான்தானே என்று ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் கும்பல் விலகியது. தண்ணீர் டேங்கர் வந்திருக்கிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டைக்குள்ளிருந்து பவுனே குடத்தோடு வந்து என்னைப் பார்த்துவிட்டு, 'ஐயா, என்னாங்கய்யா இங்க குந்திகினு கீறீங்க, மூஞ்சியெல்லாம் வேத்துப் போச்சு' என்று குடத்தைச் சாய்த்து என் கையில் தண்ணீர் ஊற்றினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ரோட்டில் உட்கார்ந்து அறுபது வயசுக் கிழவன் அழுகிறேன், வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். 'எதுக்குய்யா வரணும்? நானு யார்கிட்டயும் சொல்லாதத அன்னிக்குச் சொன்னேன். அதுக்கு அந்தம்மா, மேல ஏறாத, கீழ வேல கேளுன்னாங்க. அவ்ளோ சொல்லியும் அவ்ளோதான் சொல்றாங்கன்னா, நம்ப சொல்றது ஒண்ணுமில்லாத விசயம்போலன்னு இருந்துட்டேன்' என்றாள். வைஷு, அந்த ஜல்லிமேல் உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பவுன் முகம் தெரியவில்லை. உன் முகம்தான் தெரிந்தது. பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நீ அனுப்பிய போட்டோவில் இருக்கிற முகம்.

மேடம் சொன்னதில் குற்றமில்லை, நான்தான் நீ சொன்னதைச் சொல்லவில்லை என்று பவுனிடம் அங்கேயே சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன், அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பு இல்லை. அதே ரிக்‌ஷாவில் அவளையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு திரும்பக் கேம்ப்புக்கு. மேடத்திடம் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கக்கினேன். அவர் முகம் சிவந்தது, அப்புறம் உட்காருங்கள், இப்போது சரியாகச் செய்வோம் என்றார். நாற்காலியைப் பவுன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, செத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை அம்மா, கேட்டதும் அவள் தோள் தளர்ந்தது, இறுக்கிக் கட்டிய மூட்டையை யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி. அவள் சொல்லச் சொல்ல ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஏழுமலையை வரவழைத்தார்கள், டாக்டர் வந்து பார்த்தார், மாத்திரை கொடுத்தார், அவளைத் தனியாக விடக் கூடாது என்று அவனுக்கு விளக்கினார்கள். அவன் குழந்தை போனதற்கு அன்றைக்குத்தான் அழுதான், நானும் பேசினால் அவள் இன்னும் அழுவாள் என்று இருந்தேன் என்றான். பாவம், அவனும் ஒரு பால்காரன். போலீஸ் வரவில்லை, யாரும் யாரையும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. இப்போது பவுன் கீழ் வேலைதான் செய்கிறாள், பெரியவளை இடுப்பிலிருந்து இறக்குவதே இல்லை. கெட்ட நாள் இன்னும் வருகிறதாம், வந்தால் ஏழுமலையிடம் சொல்லிவிடுகிறாளாம். ஆகஸ்டில் ஒரு நாள் தானாகவே, 'புள்ள பேரு செல்வி' என்றாள். மேடமும் செல்வி என்று ஒரு தடவை சொன்னார். அன்றைக்கு அந்த அறையில் மூன்று பேரும் அழுதோம், ஆனால் அது வேறு அழுகை.

இதற்கு நடுவில் மேடம் என்னிடம், அருணாச்சலம்ஜி, வியாழக்கிழமை நீங்கள் தனியாக வாருங்கள் என்றார். யாருக்குப் பேச வேண்டும் என்றேன். உங்களுக்கு என்றார். எனக்கு என்ன கேடு, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று ரோஷம் வந்தது. வியாழக்கிழமை வந்ததும் கால் தானாகப் போய்விட்டது. உன் அம்மாவிடம் பென்ஷன் ஆபீஸ் என்று சொல்லிவிட்டுப் போனேன். முதல் நாள் பஸ் கூட்டம், பேக்டரி கேன்டீன், முழங்கால் என்று ஒரு மணி நேரம் பேசினேன். மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இரண்டாவது வாரம், பவுன் பேச்சைத் தவிர வேறு யார் பேச்சில் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். எனக்கு மராத்தி மறந்துபோச்சு. தமிழில் அழுதேன், அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. முப்பத்துநான்கு வருஷம் ஊரார் வாயாக இருந்தவனுக்குத் தன் வாயைத் திறந்து எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல ஏழு வியாழக்கிழமை தேவைப்பட்டது. நீ அன்றைக்குப் போனில் சொன்னபோது எனக்குப் பயம் கண்ணு. பயத்தைத்தான் புத்திமதி மாதிரி உன்னிடம் சொன்னேன்.

இன்னொரு குற்றமும் இருக்கிறது, அது உனக்குத் தெரியாது. அன்றைக்குப் போனை வைத்ததும் உன் அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, 'என்னாங்க, புள்ள என்னா சொல்றா' என்று கேட்டாள். நான், 'அங்க ரொம்பக் குளுராம், ஸ்வெட்டர் கேக்கறா' என்றேன். நீ ஸ்வெட்டர் கேட்கவே இல்லை. இவள் அதை நம்பி, மாடி வீட்டு அம்மாவிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டு, கைப் பக்கத்தை மூன்று தடவை பிரித்துப் பிரித்துப் பின்னி, மார்ச் மாதம் பார்சல் போட்டாள். நீ அதைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்பினாய், அம்மா ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எழுதினாய். உன் அம்மா அதைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாள், வருகிறவர்களிடமெல்லாம் என் பொண்ணு கேட்டாள், நான் பின்னினேன் என்று காட்டுகிறாள். அப்போதிலிருந்து நீயும் எங்களிடம் வானிலைதான் பேசுகிறாய். நீ இருக்கவே பிடிக்கவில்லை என்று சொன்னதற்குப் பெற்றவளிடமிருந்து வந்த பதில் அது என்று நீ நினைத்திருப்பாய். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்கிறேன், மன்னித்துவிடு அம்மா.

செவ்வாய்க்கிழமை, கணபதியைக் கரைக்கிற விசர்ஜன் அன்று, உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மெதுவாகச் சொல்லலாம் என்று பார்த்தால் சரியாக அந்த நேரம் நம் தெருவில் ஊர்வலம், டோல் தாஷா மேளம் காதைப் பிளக்கிறது. என்ன, என்ன என்று கேட்கிறாள். கடைசியில் ஜன்னலைச் சாத்திவிட்டு, 'அவ ஸ்வெட்டர் கேக்கல மல்லிகா, இருக்கவே புடிக்கலன்னு சொன்னா, நாந்தான் உங்கிட்ட மறைச்சேன்' என்று கத்த வேண்டியதாகிவிட்டது. தண்ணீர் ஊற்ற வழியே இல்லை. எழுந்து போய் அந்தப் போட்டோவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை, சோறு மட்டும் போட்டாள், அதையும் தட்டு அதிரப் போட்டாள். இன்று காலை வந்து, 'எழுதுங்க, நான் சொல்றேன், ஒரு எழுத்து மாத்துனீங்க, தெரியும் சேதி' என்றாள். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இனி எழுதுவது அவள் சொல்வது:

'அடியே வைஷு, அம்மாடி. நீ ஸ்வெட்டரே கேக்கலியாமே. எனக்குச் செவ்வாக்கெழமதான்டி தெரியும். உங்கப்பன் பண்ண வேல. எங்கிட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா நான் எதுக்குடி ஸ்வெட்டர் அனுப்பறேன், நானே வந்திருப்பேன். எனக்கு இங்கிலீசு தெரியாது, ப்ளேன் ஏறத் தெரியாது, ஆனா வந்திருப்பேன். உன் பக்கத்துல சும்மா படுத்துனு கெடந்திருப்பேன். நீ ஏன் எதுக்குன்னு ஒண்ணும் சொல்ல வேணாம். காரணம் தெரியலன்னா தெரியலதான், அதுல என்னா. எனக்கும் நீ பொறந்தப்ப ஆறு மாசம் அப்டி இருந்துச்சு, கெணத்தப் பாத்தாவே பயமா இருக்கும், யார்கிட்டயும் சொல்லல, உங்கப்பனுக்கே இப்ப எழுதறப்பதான் தெரியும், பாரு கை நடுங்குது. இப்பவும் உனக்கு அப்டித் தோணுதா? மறைக்காம சொல்லு. அந்தக் கவுன்சலரம்மாகிட்ட நாளைக்கே போ. பாஸ்போர்ட்டுக்கு போட்டோ புடிச்சாச்சு, மாடி வீட்டம்மா ஃபாரம் வாங்கினு வந்துட்டா. அந்த ஸ்வெட்டர உனக்குப் புடிச்சா போடு, இல்லனா தூக்கிக் கடாசு. போட்டோவ நான் திரும்ப மாட்டல. நீ சிரிச்சிகினு இருக்கற மாதிரி ஒண்ணும் அனுப்ப வேணாம், எப்டி இருக்கியோ அப்டியே ஒண்ணு அனுப்பு.'

அவள் சொன்னது அவ்வளவுதான், ஒரு எழுத்தும் மாற்றவில்லை, கை நடுங்கியதும் உண்மைதான். கிணறு விஷயம் எனக்கு இருபத்தேழு வருஷம் கழித்து உனக்கு எழுதுகிற இந்தக் கடிதத்தில்தான் தெரிந்தது. இந்த வீட்டில் இனி யார் யாரிடம் எதை மறைத்தோம் என்று உட்கார்ந்து பேச நிறைய வியாழக்கிழமை வேண்டியிருக்கும் போலிருக்கிறது. அடுத்த வாரம் உன் அம்மாவும் என்னோடு கேம்ப்புக்கு வருகிறாளாம்.

அண்ணாமலையார் உன்னைக் கையில் வைத்துக் காப்பாற்றட்டும். எங்கள் இரண்டு பேர் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு, நீ எழுந்திருக்கிற நாளிலும் உண்டு, எழுந்திருக்க முடியாத நாளிலும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் எந்த நேரமானாலும் போன் செய். மணி அடித்தால் இனி நான் எடுக்கமாட்டேன், உன் அம்மாதான் எடுப்பாள்.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
அருணாச்சலம்